அரைப் பிடி உப்பு

ஒரு கொலைக்குக்கூட ஆட்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

அடுப்பில் இரும்புச் சட்டி. சட்டியில் தார் மாதிரி கொப்பளித்துக்கொண்டிருந்தது சர்க்கரைப் பாகு. பாகின் சொந்தக்காரி ரீனா வாசலில் ஐஸ் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாள். சமையலறையில் நான்சி மட்டும் இருந்தாள். அவளுடைய வலது கை உப்பு ஜாடிக்குள் இருந்தது.

அந்தக் கை அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நாகல் நகரில் அருள்நாதன் வாத்தியார் வீடு என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் மறுகேள்வி கேட்காமல் கொண்டுவந்து இறக்குவார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மூத்த மகன் பிரிட்டோவின் மனைவி நான்சி. இளைய மகன் ராபினின் மனைவி ரீனா. ஒரே வீடு, ஒரே அடுப்படி. தெருவைப் பார்த்த முன்னறையில் வாடகைக்கு இருந்த ஜெராக்ஸ் கடை, போன பொங்கலோடு காலி செய்துகொண்டு போனது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து நான்சிக்கு அந்த அறை மேல் கண். ஷட்டரைத் தூக்குவாள், வாசலில் பாய்லர் இருக்கும், இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்ட டீ வாசனை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் ஆட்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து வரும். 'நான்சி டீ ஸ்டால்' என்று மனதுக்குள் போர்டுகூட எழுதி வைத்திருந்தாள், பச்சை எழுத்தில். வெறும் ஆசை இல்லை. அவள் டீக்குத் தெருவில் நிஜமாகவே பெயர் இருந்தது. சாயங்காலம் அவள் டீயை வடிகட்டும் சத்தம் கேட்டதும் மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிடுவார். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அந்தப் பேப்பர் மடிக்கும் சத்தம்தான்.

அப்புறம் ரீனா வந்தாள்.

ஜப்பானின் தென்கோடியில் ஒகினாவா என்று ஒரு தீவு. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ராபினுக்குக் கழுத்தை நீட்டியவள். வந்த புதிதில் ஒருநாள், எல்லாருக்கும் அந்த ஊர் டீ போட்டுத் தருகிறேன் என்றாள். கறுத்த நாட்டுச்சர்க்கரையைத் தண்ணீரே விடாமல் இரும்புச் சட்டியில் போட்டாள். அது உருகி, ஓரம் புகைய ஆரம்பிக்கிற அந்த ஒரு நொடியில் சுடச்சுட டிகாஷனை ஊற்றினாள். சட்டி சீறியது. ஆறிய பாகைக் கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் கோடு கோடாக வழிய விட்டு, ஐஸைப் போட்டு, மேலே குளிர்ந்த பாலை ஊற்றினாள்.

வெல்லம் பட்ட பால் திரியும் என்று நான்சி ஆவலோடு காத்திருந்தாள். திரியவில்லை. டம்ளருக்குள் புலிவரி மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இறங்கியது.

மாமனார் குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளரைச் சாய்த்து, அடியில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து நக்கினார். ஒரு கூட்டல் தப்பினால் ஸ்கேலை எடுக்கிற மனுஷர். அந்த விரலை நான்சி பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்கு ஒரு முள்தான். கடைசியில் ஒருநாள் மாமனார் ரொம்பக் கரிசனமாகச் சொன்னார்.

"நான்சி, நீ ரெஸ்ட் எடும்மா. டீய ரீனா போடட்டும்."

ரெஸ்ட். அவள் டீ வடிகட்டியைக் கழுவி ஆணியில் மாட்டினாள்.

சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, இந்தத் தவக்காலத்தில் யார் யார் எதை விடப்போகிறீர்கள் என்று மாமனார் வழக்கம்போல் கேட்டார். பிரிட்டோ சிகரெட் என்றான். எல்லா வருஷமும் அதையேதான் சொல்வான். ரீனா இனிப்பு என்றாள். பாகிலேயே வாழ்கிறவள் இனிப்பைத் தொடமாட்டேன் என்கிறாளே என்று மாமனாரின் முகம் கனிந்தது. அந்தக் கனிவைப் பார்த்த நான்சிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் டீய விடுறேன் மாமா. ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன்."

பிரிட்டோ சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். எழுந்ததும் டீ, குளித்ததும் டீ, துணி காயப்போட்டதும் டீ என்று இருந்தவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. ஆனால் ஆண்டவர் மேல் ஆணையிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒறுத்தல் என்றால் ஒறுத்தல்தான்.

இந்த வருஷம் தவக்காலமும் ரமலானும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தன. மதிலை ஒட்டிய பக்கத்து வீடு அப்துல் லத்தீப்பின் வீடு; பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு ரமலானிலும் ஒரு சாயங்காலம் சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் கூப்பிட்டு நோன்பு திறக்க வைப்பார். கஞ்சியும் வடையும் அவர்கள் வீட்டில். டீ மட்டும் வாத்தியார் வீட்டிலிருந்து போகும். அண்டாவில், நான்சியின் கையால். அது எப்போது வழக்கமானது என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் ஞாபகமில்லை.

இந்த முறை லத்தீப்பின் மனைவி தாஹிரா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான்சி, கோவிச்சுக்காத புள்ள. இந்த வாட்டி அந்த ஜப்பான் டீயக் கேக்குதுக எங்க வீட்டுப் புள்ளைக. வெயிலும் இம்புட்டு அடிக்குது. ஜில்லுன்னு இருக்கும்ல?"

"இதுல கோவிக்க என்னக்கா இருக்கு," என்று நான்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்து வைத்ததில் சாயங்காலம் வரை கன்னம் வலித்தது.

ராத்திரி சாப்பாட்டில் மாமனார் அடுத்த கல்லைப் போட்டார். லத்தீப் வீட்டுக்குத் தெருவே வரப்போகிறது. வருகிற அத்தனை பேரும் ரீனாவின் டீயைக் குடித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கப்போகிறார். நன்றாக இருக்கிறது என்றால் முன்னறை ரீனாவுக்கு. இல்லையென்றால், நான்சி பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு.

"அதுதான் பரீட்சை," என்றார்.

ரீனா தலையைக் குனிந்துகொண்டு புன்னகைத்தாள். நான்சி ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். அவள் மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

யோசிக்க யோசிக்கத் திட்டம் தானாக வந்து மடியில் விழுந்தது. டீயை யார் ருசி பார்ப்பார்கள்? ரீனா பார்க்க மாட்டாள், இனிப்பை விட்டிருக்கிறாள். நிறத்தையும் வாசனையையும் வைத்துத்தான் போடுகிறாள். உதவிக்கு வரும் தாஹிரா நோன்பு. நான்சி டீயை விட்டவள். பிரிட்டோவும் ராபினும் வேலைக்குப் போய்விடுவார்கள். மாமனாரோ அன்று பழனியில் பழைய மாணவன் ஒருவனைப் பார்க்கப் போகிறார். திரும்பி நேராக லத்தீப் வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு அடுப்படி, மூன்று பெண்கள், ஒரு நாக்குக்கும் வேலை இல்லை.

உப்புக்கு நிறம் கிடையாது. வாசனையும் கிடையாது.

இப்படித்தான் அந்தக் கை ஜாடிக்குள் போனது.

கை நிறைய அள்ளினாள். விரல் இடுக்கில் கல்லுப்பு நெறிந்தது. சட்டிக்கு மேலே கொண்டுபோனாள். அப்போது நடையில் செருப்புச் சத்தம்.

திடுக்கிட்டதில் பாதி சட்டிக்குள் விழுந்தது. பாதி தரையில் சிதறியது. மிச்சத்தை அள்ளிப் போட நேரமில்லை. காலால் தள்ளிச் சிலிண்டருக்குப் பின்னால் ஒதுக்கினாள். கரண்டியை எடுத்து ஒரு கிண்டு. உப்பு கரைந்தது. பாகு கறுப்பாகவே இருந்தது.

உள்ளே வந்தது தாஹிரா.

"என்ன புள்ள, இப்பிடி வேர்த்துக் கொட்டுது?"

"அடுப்பு பக்கம் நின்னேன்ல."

தாஹிரா சட்டியின் மேல் குனிந்து கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். நோன்புக் கஞ்சியையே தாங்கள் மோந்து பார்த்துத்தான் இறக்குவோம், உப்புக் குறைந்தாலும் மூக்குக்குத் தெரியும் என்றாள். நான்சிக்கு முதுகுத்தண்டில் ஐஸ் இறங்கியது. தாஹிரா கண்ணைத் திறந்தாள்.

"வாசனையே வயித்த நெறைக்குது. எறக்கலாம்."

ஐஸ் மூட்டையோடு ரீனா வந்தாள். கரண்டியைத் தூக்கிப் பாகு விழுகிற கம்பியைப் பார்த்தாள். நிறத்தைப் பார்த்தாள். திருப்தியாகத் தலையசைத்தாள்.

பொழுது சாய்ந்தது. லத்தீப் வீட்டு மாடியில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் காய்ந்த தரை இன்னும் சுட்டது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. அதற்கப்புறம் ரீனாவும் தாஹிராவின் மகள் மெஹராஜும் தட்டுகளில் டம்ளர்களை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள்.

நான்சி படிக்கட்டுக் கதவருகே இடம் பிடித்திருந்தாள். அங்கிருந்து எல்லாத் தொண்டையும் தெரியும்.

முதல் வாய் லத்தீப்புடையது. குடித்தார். நிறுத்தினார். டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

இதோ, என்று நினைத்தாள் நான்சி. அவள் காதுக்குள் இரத்தம் இரைந்தது.

லத்தீப் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். "இன்னொன்னு ஊத்தும்மா."

அடுத்தவர் குடித்தார். அவரும் நீட்டினார். கோடி வீட்டு சைதூன், ஒரு பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் காய்ந்த தொண்டைகளுக்குள் அந்த டீ இறங்கிய வேகத்தைப் பார்த்து நான்சிக்கு எதுவும் புரியவில்லை. உப்பு போடவில்லையோ? போட்டாளே. கையில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. அண்டாவைச் சாய்த்து வழித்தார்கள்.

மாமனார் கடைசியாக வந்து சேர்ந்தார். ஒரு டம்ளரை நிதானமாகக் குடித்தார். தினமும் குடித்துப் பழகிய நாக்கு.

"ரீனா, நீ தெனம் போடுறது இது இல்லையே," என்றார். "இதுல என்னமோ இருக்கு. குடிக்கக் குடிக்கத் தித்திப்பு ஏறுது. திகட்டவே இல்ல."

ரீனா விழித்தாள். எப்போதும்போலத்தான் மாமா என்றாள். மாமனார் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். லத்தீப்பின் பக்கம் திரும்பி, அந்த முன்னறையில் கூடிய சீக்கிரம் இந்த டீக்கடைதான் என்று தெருவே கேட்கும்படி சொன்னார். லத்தீப் கை தட்டினார். மாடியே கை தட்டியது.

நான்சியும் தட்டினாள். கதவருகே நின்றுகொண்டு தட்டாமல் இருக்க முடியுமா?

கீழே தொட்டியில் டம்ளர் கழுவும் வேலை அவளுக்கு விழுந்தது. ஒரு டம்ளரின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. விரல் நுனி போதும், என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். டம்ளரை உதடு வரைக்கும் கொண்டுபோனாள். ஒரு பாவம் பண்ணியாயிற்று, ரெண்டாவது வேண்டாம் என்று தோன்றியது. குழாயைத் திறந்து ஊற்றிவிட்டாள்.

மறுநாள்தான் ஆட்டம் திரும்பியது.

சாயங்காலம் ரீனா அதே சர்க்கரை, அதே சட்டி, அதே பாலில் டீ போட்டாள். மாமனார் ஒரு வாய் குடித்தார். பேப்பரை மறுபடி விரித்தார்.

"நேத்து மாதிரி இல்லையே."

அதற்கடுத்த நாளும் அதே பதில். சர்க்கரையை இன்னும் கருக்கிப் பார்த்தாள். டிகாஷனைக் கூட்டினாள். பாலை மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் மாமனார் உதட்டைப் பிதுக்கினார். போர்டு எழுதுகிறவனிடம் சொல்லி வைத்திருந்ததை நிறுத்திவிட்டார். கணக்கு வாத்தியார் புத்தி போகுமா?

"ஒரு தடவை வந்த விடை விடை இல்லம்மா. திரும்பவும் வரணும். எந்த வழியில வந்துச்சுன்னும் சொல்லத் தெரியணும்."

ரீனாவின் முகம் வாடியதை நான்சி கண் நிறையப் பார்த்தாள். சர்க்கரையில்தான் ஏதோ சூட்சுமம் என்று நினைத்த ரீனா, அது வருகிற தொப்பம்பட்டிப் பக்கத்து ஆலைக்கே பஸ் ஏறிப் போனாள். அங்கே சர்க்கரை விற்கிற சிவனம்மாள், "ஏனுங்க, எப்பவும் குடுக்குற அதே சர்க்கரைதானுங்க, நானென்ன அதுல மந்திரமா போட்டேன்?" என்று கேட்டு அனுப்பிவிட்டதாக வந்து சொன்னாள். இரவில் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள் என்று ராபின் பிரிட்டோவிடம் சொல்ல, பிரிட்டோ நான்சியிடம் சொன்னான். நான்சி அன்று நன்றாகத் தூங்கினாள்.

விஷயம் உப்புதான் என்று அவளுக்கு இப்போது உறைத்திருந்தது. பட்டினித் தொண்டைக்கு உப்பு கேட்கும். தித்திப்பைத் தூக்கியும் விடும். மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்கிற ஊரில் பிறந்துவிட்டு இது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சுறுசுறுப்பாக எழுந்தாள். இந்த டீயைத் தானே போட்டு மாமனார் முன்னால் வைத்துவிட்டால்? அறை அவளுக்குத்தானே?

ரீனா கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் முயன்று பார்த்தாள். ஓரம் புகைகிற அந்த நொடி அவளுக்குப் பிடிபடவில்லை. முதல் தடவை சர்க்கரை கரியாகிவிட்டது. இரண்டாம் தடவை ஒருவழியாக வந்தது, ஆனால் உப்பு எவ்வளவு? பாதி கீழே கொட்டிய அன்றைய கணக்கு யாருக்குத் தெரியும்? தன் நாக்கில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. பிரிட்டோவைக் குடிக்கச் சொன்னாள். ஒரு வாய் குடித்துவிட்டு, ராமேஸ்வரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டியா என்று கேட்டுவிட்டு வாய் கொப்பளிக்கப் போனான்.

சரி, எனக்கு இல்லாவிட்டால் அவளுக்கும் இல்லை என்று நான்சி மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்படியே விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பெருநாளைக்கு மறுநாள் தாஹிரா ஒரு சட்டி சேமியாப் பாயாசத்தோடு வந்தாள். முன்கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் அந்த டீயில் வந்துதான் நின்றது. யார் கை பட்டது, என்ன வித்தியாசம் என்று மாமனார் மறுபடி முதலிலிருந்து விசாரித்தார். சட்டியை இறக்கச் சொன்னது தான்தான் என்றும், ஐஸ் போதாமல் போனபோது தன் வீட்டு ஐஸைக் கொண்டுவந்து போட்டதாகவும் தாஹிரா சொன்னாள். மாமனார் தொடையில் தட்டினார்.

"அப்ப அது ஒன் கைராசிதாம்மா. வேற ஒண்ணும் இல்ல. நீயும் ரீனாவும் சேந்து அந்த ரூம்ல கடையப் போடுங்க. நான் வாடககூடக் கேக்கல."

"நானா வாத்தியாரே?" தாஹிராவின் முகம் பூத்தது.

"வாங்கக்கா, எனக்கும் தொணையா இருக்கும்," என்று ரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்படியில் டம்ளர் துடைத்துக்கொண்டிருந்த நான்சிக்கு இதெல்லாம் கேட்டது. ரீனாவுக்கு அறை கிடைத்திருந்தால்கூட ஒருவேளை தாங்கியிருப்பாள். ஆனால் தாஹிரா? ஒரு கட்டி ஐஸ் போட்டதற்கா? தெருவே கை தட்டியது யாருடைய உப்புக்கு? இத்தனை நாளாக அந்த டீயைப் பற்றி ஊர் பேசிய ஒவ்வொரு சொல்லும் தனக்குச் சேரவேண்டியது, தன் கண் முன்னாலேயே வேறு ஆள் வாரிக்கொண்டு போகிறாள் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

துண்டோடு கூடத்துக்கு வந்தாள்.

"அது ஐஸும் இல்ல, கைராசியும் இல்ல. உப்பு. பாகுல நாந்தான் உப்பு போட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. ருசிக்காகப் போட்டேன் என்று சமாளித்துவிடலாம் என்று ஒரு வழி கண்ணில் பட்டது. அதையும் ரீனா அடைத்தாள். சத்தம் போடாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"ருசி பாக்காமலேயாக்கா? நீங்கதான் டீயத் தொட மாட்டீங்களே. பெறகு எதுக்குப் போட்டீங்க?"

நான்சி துண்டை முறுக்கினாள். பிரிட்டோ தரையைப் பார்த்தான்.

"கெடுக்கத்தான்," என்றாள்.

முதலில் எழுந்தது தாஹிரா. பாயாசச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாசல் வரை போனாள். திரும்பினாள்.

"எங்க வீட்டு நோன்புலயாடி?"

அவ்வளவுதான். போய்விட்டாள்.

மாமனார் பாயாசச் சட்டியை மூடி ஓரமாக நகர்த்தி வைத்தார். பேசியபோது, வகுப்பில் காப்பியடித்தவனிடம் பேசுகிற குரல் அது. நாளைக்குக் கோயிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வா, அதற்கு முன்னால் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வா என்றார். அறை ரீனாவுக்குத்தான் என்றார். நான்சிக்கே அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதனால் பொறாமை குறைந்துவிடவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

மதிலருகே போய் நின்று கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தாஹிராவின் தலை தெரிந்தது. நான்சி மன்னிப்புக் கேட்டாள். தாஹிரா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீ கெடுக்கணும்னு போட்ட. அல்லா அத நல்லதா ஆக்கிட்டான். நான் அவனுக்கு நன்றி சொல்லிக்கிறேன். ஒனக்கு எதுக்கு நான் என்னமும் சொல்லணும்?"

தலை மறைந்தது.

நான்சி திரும்பி வந்தபோது அடுப்படியில் ரீனா காத்திருந்தாள். மேடையில் கேக் மாவு நிறுக்கிற சின்னத் தராசு. பக்கத்தில் உப்பு ஜாடி. அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் உறுதியாக இருந்தது.

"எவ்வளவு போட்டீங்க?"

"தெரியல. கை நெறைய அள்ளுனேன். சத்தம் கேட்டுப் பாதி கீழ கொட்டிருச்சு."

"அன்னைக்கு மாதிரியே அள்ளுங்க. அதே கோவத்தோட. நான் நிறுத்துக்கிறேன்."

நான்சி அவளைப் பார்த்தாள். திட்டுவாள், பேசாமல் இருப்பாள், ராபினைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போவாள் என்றெல்லாம் நினைத்திருந்தாள். இவள் தராசோடு நிற்கிறாள். கடையைத் தவிர வேறு எதுவும் இவள் கண்ணில் இல்லை. அந்த இடத்தில், முதல் தடவையாக, அவளுக்கு ரீனாவைக் கொஞ்சம் புரிந்தது. இவளும் தன்னை மாதிரிதான். இவள் கொஞ்சம் நல்லவள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜாடிக்குள் கையை விட்டாள். அள்ளினாள். தராசுக்கு மேலே கொண்டுபோய், விரலைத் திறக்காமல் நிறுத்தினாள்.

"நிறுக்க விட மாட்டேன்."

"அக்கா..."

"தெனமும் நானே வந்து போடுறேன். கோணலோ நேரோ, கை என்னோடது. அந்த ரூம்ல அடுப்புக்குப் பக்கத்துல எனக்கு நிக்க ஒரு எடம் வேணும். போர்டுல பேர்கூட வேணாம்."

ரீனா தராசைப் பார்த்தாள். மூடிய கையைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "ஆனா நான் சர்க்கரைய உருக்கும்போது நீங்க அடுப்படிக்குள்ள வரக்கூடாது."

மாமனார் இதைக் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் வழியை மறைத்தால் விடை எனக்கு எப்படித் தெரியும் என்று முணுமுணுத்தார். ஆனால் தடுக்கவில்லை. உப்பின் அளவை வசத்துக்குக் கொண்டுவர ஒரு வாரம் பிடித்தது. பிரிட்டோவின் வாய்தான் பலியானது. பிறகு ஒரு சாயங்காலம் மாமனார் பேப்பரை மடித்தார்.

ஈஸ்டர் திங்களன்று ஷட்டரைத் தூக்கினார்கள். 'ஒகினாவா டீ' என்று போர்டு, பச்சை எழுத்தில். நிறத்தை நான்சி சொன்னாள், ரீனா விட்டுக்கொடுத்தாள். உயிர்ப்புப் பூசை முடிந்து ஒறுத்தல் தீர்ந்த பிறகும் நான்சி இன்னும் டீ தொடவில்லை. முதல் டீ தன் கடையில் என்று வைத்திருந்தாள். 'நம்ம கடை' என்று மாமனார் திருத்தியிருந்தார்.

பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். தெருக்காரர்கள் சூழ்ந்து நின்றார்கள். ரீனா முதல் டம்ளரைக் கையில் எடுத்தபோது கூட்டம் விலகியது. தாஹிரா வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. அதைத் திறந்து மேடை மேல் வைத்தாள். உள்ளே ஐஸ்.

"எங்க வீட்டு ஐஸ்," என்றாள். "அன்னைக்கு நல்லா இருந்ததுல இதுக்கும் பங்கு உண்டு. சொல்லிப்புட்டேன்."

ரீனா இரண்டு கட்டியை எடுத்து டம்ளருக்குள் போட்டு, பாலை ஊற்றி, அவளிடம் நீட்டினாள். தாஹிரா வாங்கவில்லை. மெதுவாகத் திரும்பி நான்சியைப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மறைந்ததற்குப் பிறகு அவள் நான்சியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மொதல்ல அவ குடிக்கட்டும்."

கூட்டத்தில் விஷயம் தெரியாதவர்கள் சிரித்தார்கள். தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. நான்சியின் காது சிவந்தது. இனி இந்தக் கடையில் தினமும் இப்படித்தான் இருக்கும், முதல் டம்ளர் எல்லார் முன்னாலும் தன் தொண்டையில்தான் இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாங்கினாள். குடித்தாள்.

முதலில் குளிர்ச்சி. பிறகு பால். பிறகு, இத்தனை நாளாக வீடு முழுக்க மணத்துக்கொண்டு அவளை வதைத்த அந்தக் கருகல் தித்திப்பு, ஒவ்வொரு படியாக ஏறி நாக்கை மூடியது. எங்கோ அடியில், கண்டுபிடிக்க முடியாத இடத்தில், அவள் போட்ட உப்பு நின்று எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அது தனியாக ஒன்றுமே இல்லை. மாமனார் ஏன் விரலால் வழித்தார் என்று புரிந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எரிச்சலில்தான்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் தாஹிரா.

நான்சி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு கறுப்புக் கோடு மிச்சமிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை வழிக்கவில்லை.

"உப்பு சரியா இருக்கு," என்றாள்.

"பாகு?" என்று ரீனா அடுப்புக்குப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

நான்சி கொஞ்சம் யோசித்தாள்.

"அதுவும் இருக்கு."

தாஹிரா அடுத்த டம்ளருக்குக் கையை நீட்டினாள்.